அண்ணனுக்குப் புது மனச்சோர்வு மாத்திரை: பழையதை விட உண்மையிலேயே நன்றாக வேலை செய்யுமா?

தங்கச்சிமடம் தங்கை | ஏப்ரல் 29, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். இங்கே நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் அண்ணனுக்கு வயது 44. விசைப்படகு டிரைவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் இலங்கைக் கடற்படையினர் படகோடு பிடித்துக்கொண்டு போனார்கள். அண்ணன் திரும்பி வந்துவிட்டார், படகு வரவில்லை. வந்த புதிதில் சரியாகத்தான் இருந்தார், வேறு படகில் கூலிக்குப் போனார். போன கார்த்திகைக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போனார். விடிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். வலை சரிபண்ண உட்கார்ந்தால் ஒரு கண்ணிக்கு மேல் கை நகராது. மதினி சோறு வைத்தால் ஆறி அவலாகும் வரை அப்படியே இருக்கும்.

ராமநாதபுரத்தில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனோம். எஸ்சிட்டலோப்ராம் முதலில் 10, அப்புறம் 20 மில்லிகிராம். பத்து வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டார். தூக்கம் வந்தது, அழுகை நின்றது. ஆனால் ஆள் பாதிதான் திரும்பி வந்திருக்கிறார். இப்போது டாக்டர் அதை மாற்றி வோர்டியோக்ஸெடின் 10 மில்லிகிராம் எழுதியிருக்கிறார். ஆரம்பித்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. காலையில் குமட்டல். மற்றபடி மாற்றம் ஒன்றும் தெரியவில்லை.

பழைய மாத்திரையை விட இது பல மடங்கு விலை. மீன்பிடித் தடைக்காலம் வேறு, ஜூன் 14 வரை வீட்டில் ஒரு பைசா வரவு கிடையாது. மருந்துக் கடையில் "இதுதான் லேட்டஸ்ட்" என்கிறார்கள். பக்கத்து வீட்டு மாமா "எல்லாம் ஒரே சரக்கு, பெயர்தான் வேறு" என்கிறார். டாக்டரிடம் கேட்க நினைத்து, அங்கே இருந்த கூட்டத்தைப் பார்த்துக் கேட்காமலே வந்துவிட்டேன். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்தப் புது மாத்திரை உண்மையிலேயே மேலானதா?

---

கீழக்கரை மருந்தாளர் | ஏப்ரல் 29, இரவு 10.25

தங்கச்சி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். விலையைப் பார்த்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்துச் சமாளிக்கவும் வேண்டாம். கட்டுப்படியாகவில்லை என்றால் அதையே டாக்டரிடம் சொல்லுங்கள். அது சொல்ல வேண்டிய விஷயம்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வோர்டியோக்ஸெடினை இப்போது பல இந்தியக் கம்பெனிகள் தயாரிக்கின்றன. ஒரே 10 மில்லிகிராம் மாத்திரை கம்பெனிக்குக் கம்பெனி நல்ல விலை வித்தியாசத்தில் கிடைக்கும். சீட்டில் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள், கடையில் விலை குறைந்ததைக் கேட்டு வாங்கலாம்.

குமட்டலைப் பற்றி. இந்த மருந்தில் அதிகம் பேருக்கு வருவது அதுதான். அமெரிக்க மருந்துக் குறிப்பேட்டில் 10 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 26 சதவீதம் பேருக்குக் குமட்டல் என்று இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத மாத்திரை ஒன்றும் கொடுப்பார்கள், அந்தப் போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 9 சதவீதம். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். வெறும் வயிற்றில் போடுகிறாரா? சாப்பிட்ட பிறகு போட்டாலும் மருந்து உடம்பில் சேர்வது குறையாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஒரு கேள்வி. அண்ணன் உடம்பு வலிக்கு ஏதாவது மாத்திரை போடுகிறாரா? நம் கரையில் கடலுக்குப் போகிறவர்கள் டைக்ளோஃபெனாக்கை மிட்டாய் மாதிரி சாப்பிடுகிறார்கள், அதனால் கேட்கிறேன். இந்த வகை மனச்சோர்வு மருந்துகளோடு வலி மாத்திரை சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரும் வாய்ப்பு கூடும். டிரமடால் என்றால் அதை விட ஆபத்து, இரண்டையும் சேர்த்துப் போடவே கூடாது. காசநோய் மருந்து சாப்பிடுகிறவராக இருந்தாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும். ரிஃபாம்பிசின் இந்த மருந்தை உடம்பில் சீக்கிரம் கரைத்துவிடும், போட்ட அளவு போதாமல் போகும்.

---

உச்சிப்புளி அண்ணாச்சி | ஏப்ரல் 30, காலை 6.10

தங்கச்சி மனம் கோணாமல் படிக்கணும். என் தம்பிக்கு ஆறு வருடத்தில் ஐந்து மாத்திரை மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் "இது புதுசு, இது நல்லா கேட்கும்" என்றார்கள். அவன் நிலைமை அப்படியேதான் இருந்தது. இரண்டு வலை, ஒரு வல்லம் விற்றோம். கடைசியில் வீட்டில் எல்லாரும் சேர்ந்து ஏர்வாடி தர்காவில் கொண்டுபோய் நாற்பத்தொரு நாள் வைத்திருந்தோம். அங்கேதான் அவனுக்குத் தூக்கம் வந்தது.

கம்பெனிக்காரன் தன் சரக்கைத் தானே சோதித்து, தானே நல்லது என்று எழுதிக்கொள்கிறான். அதை நம்பி நாம் நகையை அடகு வைக்கிறோம். எனக்கு அந்த ஆய்வு எதிலும் நம்பிக்கை இல்லை.

---

மருந்தியல் மாணவி | ஏப்ரல் 30, பிற்பகல் 2.50

நான் மதுரையில் மருந்தியல் மேற்படிப்பு படிக்கிறேன். சொந்த ஊர் தேவிபட்டினம். நான் மனநல டாக்டர் கிடையாது, அதனால் அண்ணனுக்கு எதைக் கொடுக்கலாம் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் "மேலானதா" என்ற கேள்விக்கு ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதை எழுத முடியும்.

உச்சிப்புளி அண்ணாச்சி சொன்னதில் இருந்தே ஆரம்பிக்கிறேன், அவருடைய சந்தேகத்துக்கு ஆதாரம் இருக்கிறது. 2008ல் டர்னர் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் 12 மனச்சோர்வு மருந்துகளுக்காக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 ஆய்வுகளை எடுத்து, அவற்றில் எவை மருத்துவ இதழ்களில் வந்தன என்று தேடினார்கள். மருந்து ஜெயித்ததாக அந்த அமைப்பு ஏற்றுக்கொண்ட 38 ஆய்வுகளில் 37 அச்சில் வந்துவிட்டன. ஜெயிக்காத அல்லது முடிவு தெளிவில்லாத 36ல் 22 வெளியே வரவே இல்லை, 11 ஜெயித்த மாதிரி எழுதப்பட்டு வந்தன. மூன்றுதான் உள்ளது உள்ளபடி வந்தன. அதாவது இதழை மட்டும் படித்த டாக்டருக்கு எல்லா மருந்தும் நல்ல மருந்தாகவே தெரிந்திருக்கும்.

அதே குழு 2022ல் வோர்டியோக்ஸெடின் உட்பட நான்கு புது மருந்துகளுக்கு இந்த வேலையைத் திரும்பச் செய்தது. மொத்தம் 30 ஆய்வுகள், பாதிதான் வெற்றி. தோற்ற 15ல் இந்தத் தடவை 7 உள்ளபடியே வெளிவந்திருந்தன. முன்னைக்கு இப்போது பரவாயில்லை, ஆனாலும் மூடி மறைப்பது போய்விடவில்லை.

சரி, வோர்டியோக்ஸெடின். அமெரிக்காவில் 2013 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. எஸ்சிட்டலோப்ராம் மாதிரியான பழைய மருந்துகளை எஸ்எஸ்ஆர்ஐ வகை என்பார்கள். அவற்றைப் போல இதுவும் மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற பொருள் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது, அதோடு செரட்டோனின் போய் ஒட்டும் இடங்களான ஏற்பிகள் சிலவற்றிலும் நேரடியாக வேலை செய்கிறது. இந்த இரண்டாவது பகுதிதான் புதுமை என்று விற்கப்படுகிறது. ஏற்பியில் நடப்பது மனிதனிடம் கூடுதல் நன்மையாக வருகிறதா என்பது தனிக் கேள்வி, அதற்கு ஆய்வைத்தான் பார்க்க வேண்டும்.

போலி மாத்திரையோடு ஒப்பிட்ட 11 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2016ல் வந்தது. மனச்சோர்வை அளக்கும் மாட்ரஸ் என்ற 60 புள்ளி அளவுகோலில் போலி மாத்திரையை விட 5 மில்லிகிராமுக்கு 2.3, 10க்கு 3.6, 20க்கு 4.6 புள்ளி கூடுதல் இறக்கம். அதை எழுதியவர்களில் கம்பெனி ஆட்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் குறைந்த அளவு கொடுத்து நடத்திய சில ஆய்வுகளில் போலி மாத்திரையை ஜெயிக்கவில்லை.

போலி மாத்திரையை ஜெயிப்பது ஒன்று, பழைய மருந்தை ஜெயிப்பது வேறொன்று. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 2017ல் 15 ஆய்வுகளை, 7746 பேரை வைத்து அலசியது. எஸ்எஸ்ஆர்ஐ வகையோடு நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வு ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நாம் முதலில் கொடுக்கிற மருந்தே அந்த வகைதான், அதோடு ஒப்பிடாமல் வைத்திருந்தார்கள். எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான்.

2018ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த சிப்ரியானி குழுவின் ஆய்வு இன்னும் பெரியது. 21 மருந்துகள், 522 ஆய்வுகள், 1,16,477 பேர். எல்லா மருந்தும் போலி மாத்திரையை விட மேல் என்று வந்தது. மருந்துகளுக்குள் ஒப்பிட்டதில் வோர்டியோக்ஸெடின் நல்ல பக்கத்தில் இருந்தது, வேலை செய்வதிலும் சரி, பாதியில் விட்டுவிடாமல் தாங்குவதிலும் சரி. ஆனால் அதே பட்டியலில் எஸ்சிட்டலோப்ராமும் இரண்டிலும் நல்ல பக்கத்தில்தான் இருந்தது. அண்ணன் சாப்பிட்ட அந்தப் பழைய, விலை குறைந்த மாத்திரைதான். அந்த 522ல் 78 சதவீதம் கம்பெனிப் பணத்தில் நடந்தவை. ஒரு மருந்து புதிதாக இருக்கும்போது நடத்தும் ஆய்வில் கொஞ்சம் கூடுதலாக மின்னும் என்பதையும் அவர்களே கணக்கில் எடுத்தார்கள்.

ஆக, முதல் மருந்தாகவே இதைக் கொடுத்தால் எஸ்சிட்டலோப்ராமை விட மேல் என்று சொல்ல ஆதாரம் போதாது. அண்ணன் விஷயம் வேறு, அவருக்கு இது இரண்டாவது மருந்து. அதைப் பற்றி இரவு எழுதுகிறேன்.

---

தங்கச்சிமடம் தங்கை | ஏப்ரல் 30, மாலை 6.15

அக்கா, ரொம்ப நன்றி. மூன்று தடவை படித்தேன். 60க்கு மூன்றரைப் புள்ளி என்றால் எவ்வளவு? அண்ணன் வலையில் எத்தனை கண்ணி கூடக் கட்டுவார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

மருந்தாளர் அண்ணே, டைக்ளோஃபெனாக் இருக்கிறது. சட்டைப் பையிலேயே இரண்டு அட்டை இருந்தது. எடுத்து வைத்துவிட்டேன்.

---

மருந்தியல் மாணவி | ஏப்ரல் 30, இரவு 11.05

தங்கச்சி, நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி.

மாட்ரஸ் அளவுகோலில் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை. முகத்தில் தெரியும் துக்கம், அவரே சொல்லும் துக்கம், உள்பதற்றம், தூக்கம், பசி, கவனம், எழுந்து ஒரு வேலையைத் தொடங்க முடியாமை, எதையும் உணர முடியாமை, தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணம், சாவைப் பற்றிய எண்ணம். டாக்டர் பேசிப் பார்த்துப் புள்ளி போடுவார். அண்ணனுக்குத் தூக்கமும் பசியும் தேறினாலே ஐந்தாறு புள்ளி இறங்கிவிடும். வலையில் கை நகராதது "தொடங்க முடியாமை" என்ற ஒரே கேள்வியில் அடங்கிவிடுகிறது. எஸ்சிட்டலோப்ராமில் பாதி தேறினார் என்றீர்களே, அது இப்படித்தான் நடந்திருக்கும். எண் இறங்கியது, மனுஷன் திண்ணையிலேயே இருந்தார்.

மூன்றரைப் புள்ளி என்பது இரண்டு கூட்டங்களின் சராசரிக்கு இடையில் உள்ள வித்தியாசம், அதையும் மறக்கக் கூடாது. ஒருவருக்குப் பதினைந்து புள்ளி இறங்கியிருக்கும், ஒருவருக்கு ஒன்றுமே இறங்கியிருக்காது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களும் கணிசமாகத் தேறினார்கள், ஒருவர் அடிக்கடி உட்கார்ந்து அவர்களை விசாரித்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆய்வுகளில் பாதிக்குப் பாதி புள்ளி இறங்கினால் "பலன்" என்பார்கள். 10 அல்லது அதற்குக் கீழே வந்தால் "தெளிவு" என்பார்கள். அண்ணனுக்கு நாம் தேடுவது தெளிவு.

இப்போது இரண்டாவது மருந்து விஷயம். முதல் மருந்தில் முழுதாகத் தெளியாதது அண்ணனுடைய குறையில்லை. அமெரிக்காவில் ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வில் முதல் மருந்தில் தெளிந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். 2006ல் முடிவுகள் வந்தன. பின்னால் கணக்கை மறுபடி பார்த்தவர்கள் அந்த எண்ணிக்கையே கொஞ்சம் கூட்டிச் சொன்னது என்கிறார்கள்.

எஸ்எஸ்ஆர்ஐ சரியாகக் கேட்காதவர்களை வோர்டியோக்ஸெடினுக்கு மாற்றிப் பார்த்த இரண்டு ஆய்வுகள் எனக்குத் தெரியும். 2014ல் சுமார் 500 பேரில் ஒரு பாதிக்கு இதையும் மறுபாதிக்கு அகோமெலட்டின் என்ற வேறொரு மனச்சோர்வு மருந்தையும் கொடுத்தார்கள். எட்டாவது வாரத்தில் இது சுமார் இரண்டு புள்ளி முன்னால் இருந்தது. 2023ல் வந்ததில் 603 பேர், எதிரே டெஸ்வென்லாஃபாக்சின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்து. அதில் இது பின்தங்கவில்லை, முந்தவும் இல்லை. இரண்டுமே கம்பெனி நடத்தியவை. இங்கிலாந்தில் நைஸ் என்ற அரசு மதிப்பீட்டு அமைப்பு 2015ல் என்ன சொன்னது தெரியுமா? ஒரே மனச்சோர்வுக் காலத்தில் இரண்டு மருந்து கொடுத்தும் போதவில்லை என்றால் அப்போது இதைக் கொடுக்கலாம் என்றது. அண்ணனுக்கு ஒரு மருந்துதான் ஆகியிருக்கிறது, ஆனாலும் அந்த இரண்டு ஆய்வுகளை வைத்துப் பார்த்தால் டாக்டர் மாற்றியது நியாயமான முடிவு. அவர் வேறொரு விலை குறைந்த மருந்துக்கு மாற்றியிருந்தாலும் அதுவும் நியாயமாகவே இருந்திருக்கும்.

இந்த மருந்து மூளைச் சுறுசுறுப்பைக் கூட்டும் என்று விளம்பரம் செய்கிறார்கள். எண்ணுக்குக் குறி மாற்றி எழுதும் ஒரு சோதனையில் போலி மாத்திரையை விட முன்னேற்றம் தெரிந்தது உண்மைதான். 2018ல் அமெரிக்கக் குறிப்பேட்டிலும் அது சேர்ந்தது. அந்தச் சோதனையில் தேறினால் படகு ஓட்டுவதிலும் அப்படியே தேறும் என்று நான் எழுத மாட்டேன்.

பன்னிரண்டு நாள் போதாது. இந்த மருந்து உடம்பில் ஒரு சீரான அளவுக்கு வரவே ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். பலனை ஆறாவது, எட்டாவது வாரத்தில் பார்த்துச் சொல்வதுதான் முறை.

---

பாசிக்காரி மண்டபம் | மே 1, காலை 11.30

நான் முப்பது வருடமாகத் தீவில் பாசி எடுக்கிறவள். என் மகள்தான் இதை எழுதித் தருகிறாள்.

எனக்கும் இதே வியாதி வந்தது, கணவர் இறந்து ஒரு வருடம் கழித்து. தண்ணீருக்குள் முங்கினால் மேலே வர வேண்டாம் என்று தோன்றும். அதை யாரிடமும் சொல்லவில்லை, நெஞ்சு அடைக்கிறது, கை கால் ஓய்கிறது என்றுதான் சொன்னேன். இரண்டு வருடம் நெஞ்சுக்கும் நரம்புக்கும் பார்த்தார்கள். கடைசியில் ஒரு நர்சம்மா கண்டுபிடித்தாள்.

எனக்குக் கேட்டது செர்ட்ரலின். பழைய மாத்திரைதான். அதற்கு முன்னால் தனியார் ஆஸ்பத்திரியில் இந்தத் தங்கச்சி சொல்லும் புது மாத்திரையைத்தான் கொடுத்தார்கள். எனக்கு வாந்தியும் உடம்பு அரிப்பும் தாங்கவில்லை. உப்புத் தண்ணீரில் நின்றுகொண்டு அரிப்பைத் தாங்க முடியுமா? அதற்காக அது கெட்ட மாத்திரை என்று சொல்ல மாட்டேன். என்னோடு பாசி எடுக்கிற ஒருத்தி அதையே சாப்பிட்டு நன்றாக இருக்கிறாள்.

தங்கச்சி, அண்ணனிடம் சாகிற எண்ணம் இருக்கிறதா என்று வாயைத் திறந்து கேளு. கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்படாதே. என்னிடம் யாராவது கேட்க மாட்டார்களா என்று இரண்டு வருடம் காத்திருந்தேன்.

---

தொண்டி காக்கா | மே 1, இரவு 8.00

பாசிக்கார அக்கா எழுதியதைப் படித்து என் வீட்டில் எல்லாரும் அமைதியாகிவிட்டோம்.

இங்கே யாரும் எழுதாத ஒன்றை எழுதுகிறேன், பெண்களும் படிக்கிறார்கள் என்பதால் அளவோடு எழுதுகிறேன். முதலில் எனக்கு எஸ்சிட்டலோப்ராம் கொடுத்தார்கள். மனம் தேறியது, ஆனால் தாம்பத்திய வாழ்க்கை நின்றுபோனது. டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு மாத்திரையை நானே நிறுத்தினேன். மூன்று மாதத்தில் பழைய குழிக்குள் போய்விட்டேன், முன்னை விட ஆழம். அப்புறம் வேறு டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் வோர்டியோக்ஸெடினுக்கு மாற்றினார். ஒன்றரை வருடமாகச் சாப்பிடுகிறேன், இரண்டும் சரியாக இருக்கிறது.

மேல், கீழ் என்று எனக்குத் தெரியாது. நான் விடாமல் சாப்பிட முடிந்த மாத்திரை இதுதான்.

---

மருந்தியல் மாணவி | மே 1, இரவு 9.15

காக்கா, இதை எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்னதற்கு ஆய்வும் இருக்கிறது. மனச்சோர்வை எது நன்றாகப் போக்கும் என்று பார்த்த ஆய்வு இல்லை அது. மனம் ஏற்கெனவே தேறி, எஸ்எஸ்ஆர்ஐயால் இந்தப் பிரச்சினை மட்டும் வந்தவர்களை ஒரு பகுதி வோர்டியோக்ஸெடினுக்கும் ஒரு பகுதி எஸ்சிட்டலோப்ராமுக்கும் மாற்றிப் பார்த்தார்கள். 2015ல் வெளிவந்தது. வோர்டியோக்ஸெடின் பக்கம் கூடுதல் முன்னேற்றம். அளவு 20க்குப் போகும்போது இந்த நன்மை குறையலாம். என் கணிப்பில் இந்த மருந்தின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. உடம்பு எடையும் பெரும்பாலும் கூடுவதில்லை.

---

ஏர்வாடி மகன் | மே 2, அதிகாலை 5.20

உச்சிப்புளி அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை.

2001 ஆகஸ்ட் 6 அன்று நான் பள்ளிக்கூடப் பையன். அன்று எங்கள் ஊரில் ஒரு மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை எரிந்ததில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. அந்த வாடை எங்கள் தெருவை விட்டுப் போக நாளாயிற்று. அவர்களைக் கூட்டி வந்த குடும்பங்களும் உங்களைப் போலத்தான், எல்லா ஆஸ்பத்திரியும் பார்த்து ஓய்ந்து, அன்போடு கொண்டுவந்து விட்டவர்கள்.

தர்காவில் உங்கள் தம்பிக்குத் தூக்கம் வந்தது என்பதை நான் முழுதாக நம்புகிறேன். அங்கே வந்து அமைதி அடைந்தவர்களை நான் தினமும் பார்க்கிறேன். இப்போது தர்காவிலேயே மனநல டாக்டர் உட்கார்ந்து பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. துஆவும் உண்டு, தவாவும் உண்டு. பிரார்த்தனைக்கு வந்தவர் மாத்திரையும் வாங்கிக்கொண்டு போகிறார், யாரும் ஒன்றை விட்டுவிட்டு வா என்று சொல்வதில்லை. தம்பியை இன்னொரு தடவை கூட்டி வாருங்கள் அண்ணாச்சி, நான் கூட இருக்கிறேன்.

---

உச்சிப்புளி அண்ணாச்சி | மே 2, காலை 7.45

வருகிறேன் தம்பி. அங்கே டாக்டர் இருப்பது எனக்குத் தெரியாது.

---

கடலோர சமூகப் பணி | மே 3, மாலை 4.30

நான் இந்த மாவட்டத்தின் கடலோரக் கிராமங்களில் மனநல வேலை செய்கிறேன். மாத்திரையைப் பற்றி மருந்தியல் மாணவி எழுதியதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. அதைச் சுற்றி இருப்பதைச் சொல்கிறேன்.

நம் கரையில் மருந்து தோற்பதை நான் அதிகம் பார்ப்பது தடைக்காலத்திலும் புயல் எச்சரிக்கை மாதங்களிலும்தான். கடலுக்குப் போக டோக்கன் கிடையாது, வருமானம் கிடையாது, மாத்திரை தீர்ந்தால் வாங்க மாட்டார்கள். ஒரு மாதம் கழித்து வந்து "கேட்கவில்லை" என்பார்கள். ஆய்வுகளில் எட்டு வாரமும் மருந்தைக் கையில் கொடுத்து, சாப்பிட்டாரா என்று எண்ணிப் பார்க்கிறார்கள். 60க்கு மூன்றரைப் புள்ளி என்பது அந்தக் கணக்கு. பாதி நாள் விடுபட்ட மருந்துக்கு எத்தனை புள்ளி என்று யாரும் அளந்து வைக்கவில்லை.

எஸ்சிட்டலோப்ராம், ஃப்ளூவாக்ஸெட்டின், அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள் வழக்கமாக அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கும். மாவட்ட மனநலத் திட்டத்தில் வெளியூர் முகாம்களிலும் கொடுப்பார்கள். புது மருந்துகள் பெரும்பாலும் வெளியில் வாங்க வேண்டியவை. அதனால் எட்டாவது வாரத்தில் டாக்டரைப் பார்க்கும்போது இப்படிக் கேளுங்கள்: "இது கேட்டால் எத்தனை மாதம் தொடர வேண்டும்? அத்தனை மாதமும் எங்களால் வாங்க முடியவில்லை என்றால் அரசு ஆஸ்பத்திரியில் கிடைப்பதில் எதற்கு மாறலாம்?" தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். அந்தக் கணக்கை இப்போதே போட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோவாவில் சங்கத் என்ற அமைப்பு நடத்திய ஆய்வு 2017ல் லான்செட்டில் வந்தது. கடுமையான மனச்சோர்வில் இருந்த 495 பேர். டாக்டர் இல்லாத, பயிற்சி கொடுத்த சாதாரண ஆட்கள் ஆறு முதல் எட்டுத் தடவை உட்கார்ந்து பேசினார்கள். விட்டுப்போன சின்னச் சின்ன வேலைகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்ய வைப்பதுதான் அதன் உயிர். மூன்று மாதத்தில் அந்தப் பக்கம் 64 சதவீதம் பேர் தெளிந்திருந்தார்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த பக்கம் 39 சதவீதம். எந்தப் புது மாத்திரைக்கும் பழைய மாத்திரைக்கும் இடையில் இவ்வளவு இடைவெளியை நான் பார்த்ததில்லை. இரண்டு ஆய்வையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியான கணக்கில்லை, தெரிந்தே சொல்கிறேன். ஆனாலும் மாத்திரைக்கு அலைகிற அலைச்சலில் பாதியாவது இதற்கு அலைய வேண்டும்.

அண்ணனுக்கு ஒரு நாளைக்கு ஒரு வேலை, அதுவும் சின்னதாக. பத்துக் கண்ணி. கட்டினால் போதும், நன்றாக இருக்க வேண்டியதில்லை. மதினியிடம் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். டாக்டருக்கு அந்த நோட்டுதான் மாட்ரஸ்.

பாசிக்கார அக்கா சொன்னதைக் கேட்டீர்களா? ராத்திரியில் நிலைமை கைமீறினால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை.

---

தங்கச்சிமடம் தங்கை | மே 3, இரவு 10.10

கேட்டேன். இருந்தது என்று சொன்னார். சிறையில் இருந்தபோது இல்லை, வீட்டுக்கு வந்து படகு இல்லாத துறையைப் பார்த்த பிறகுதான் என்றார். இப்போது இல்லை என்கிறார். நானும் மதினியும் மாறி மாறித் திண்ணையில் படுக்கிறோம். நாளைக்கே டாக்டரிடம் போய் இதைச் சொல்லிவிடுவோம்.

---

தங்கச்சிமடம் தங்கை | ஜூன் 20, மாலை 5.00

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். எட்டு வாரம் முடிந்து ஒரு நாள் கழித்து டாக்டரிடம் போனோம்.

குமட்டல் மூன்றாவது வாரம் நின்றது. நான்காவது வாரம் வரை நோட்டில் பெரும்பாலும் "0 கண்ணி" என்றுதான் இருக்கிறது. ஐந்தாவது வாரம் 10, 10, 0, 15. ஆறாவது வாரத்தில் ஒருநாள் அவரே பக்கத்து வீட்டு வலையை வாங்கி வந்து உட்கார்ந்தார். டாக்டர் ஒன்பது கேள்வித் தாளில் புள்ளி போட்டார். ஏப்ரலில் 27க்கு 19 இருந்தது, இப்போது 9. இன்னும் முழுதாக இல்லை என்றார். அளவைக் கூட்டுவதா, இப்படியே இன்னொரு மாதம் பார்ப்பதா என்று எங்களையே கேட்டார். காக்காவுக்கு மருந்தியல் அக்கா அளவைப் பற்றி எழுதியது ஞாபகம் வந்தது, பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

மாத்திரையால் தேறினாரா, நோட்டாலா, நாங்கள் திண்ணையில் படுத்ததாலா, எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. டாக்டருக்கும் தெரியவில்லை, அதை அவர் நேராகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. விலையைப் பற்றிக் கேட்டேன். மூலப்பெயரில் எழுதித் தந்தார், பாதி விலைக்குக் கிடைத்தது. ஆறு மாதத்துக்குச் சீட்டுப் பணம் எடுத்து வைத்திருக்கிறோம்.

தடைக்காலம் முடிந்துவிட்டது. முதலில் ஒருநாள் டிரைவராக இல்லாமல் கூட ஆளாகப் போய்ப் பார்க்கலாமா என்று அண்ணன் கேட்கிறார். டாக்டர் சரி என்றார், தலைசுற்றல் வந்தால் சுக்கானைத் தொடக் கூடாது, குடிக்கவே கூடாது என்று சொன்னார். மருந்தாளர் அண்ணே, ராத்திரி கடலில் இருப்பார். மாத்திரையை எப்படிக் கொடுத்து விடுவது?

---

கீழக்கரை மருந்தாளர் | ஜூன் 20, மாலை 5.40

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி.

இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 66 மணி நேரம் ஆகும். ஒரு ராத்திரி விட்டுப்போனால் ஒன்றும் ஆகிவிடாது, அடுத்த நாள் ஒன்றுதான் போட வேண்டும், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. ஆனாலும் விடாமல் இருப்பதுதான் நல்லது. இரண்டு மாத்திரையை அட்டையோடு வெட்டி, மூடி இறுக்கமான சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுச் சாப்பாட்டுத் தூக்கோடு வைத்துவிடுங்கள். சட்டைப் பையில் வேண்டாம், நனைந்துவிடும். ராத்திரி வலை போட்டு முடித்துச் சாப்பிட்டதும் ஒன்று.

வலி மாத்திரை மட்டும் கேட்டால் கொடுத்து விடாதீர்கள். தோள் வலித்தால் பாராசிட்டமால் போதும்.

---

பாசிக்காரி மண்டபம் | ஜூன் 21, காலை 10.15

என்றைக்குப் போகிறார் தங்கச்சி? தீவுக்குப் போகும் வழியில் படகுகள் எல்லாம் கண்ணில் படும், கை காட்டுகிறேன்.